மாஸ்டரக்காவும் முப்பத்தாறு டம்ளரும்

சித்தி வேலை முடிந்து வந்ததும் மகளைத் தொட மாட்டாள். செருப்பு வாசலிலேயே நின்றுவிடும். தலைத்துணியை அவிழ்த்து வாசல் ஆணியில் தொங்கும் பைக்குள் திணிப்பாள். யாரையும் பார்க்காமல், சுவரில் கை படாமல், வலப்பக்கம் இருக்கும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். கூடத்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு சுண்டு காத்திருப்பாள். ஒன்பது வயது. பள்ளியில் வேறு பெயர் உண்டு, வீட்டில் சுண்டுதான்.

“அம்மா, ஆச்சா?”

“கை ஆச்சு.”

“இப்போ?”

“தலை நடக்குது. இரு.”

“காது கழுவினியா?”

“உங்கப்பாவைவிட நல்லாவே கழுவியாச்சு.”

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறக்கும். அதற்குள் சுண்டு சோபாவிலிருந்து குதித்திருப்பாள். ஈரத் தலையோடு அம்மாவும் மகளும் கட்டிக்கொள்வதைப் பார்க்கிற புது ஆள், யாரோ கடல் கடந்துபோய் வருடக்கணக்கில் கழித்துத் திரும்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். சித்தி வந்தது மூன்று தெரு தள்ளியிருக்கும் பேக்கரியிலிருந்து.

அங்கே அவள்தான் ஓவன் மாஸ்டர். பதினேழு வருடமாக. மாவு பிசைகிற இயந்திரத்துக்கும் ஓவனுக்கும் நடுவே ஒரு நீளமான ஸ்டீல் மேசை. அதன் தலைமாட்டில் அவள் நிற்கிற இடத்தில் மட்டும் தரை தேய்ந்து பளபளக்கும். அந்தக் கூடத்தில் சிலந்தி வலைகூட வெள்ளையாகத்தான் இருக்கும். ஆண்கள் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அவளைவிட மூத்தவர்களும் மாஸ்டரக்கா என்றே கூப்பிடுவார்கள். பிசைந்த மாவை இரண்டு விரலால் கொஞ்சம் கிள்ளி, வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துப் பார்ப்பாள். “இன்னும் மூணு நிமிஷம்” என்பாள். யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பார்த்து வித்தியாசம் இருந்தால், கடிகாரம்தான் தப்பு என்று முடிவாகிவிடும்.

சுண்டுவுக்குக் கோதுமை ஆகாது. நாலு வயதில் வயிறு மட்டும் ஊதிக்கொண்டு, கையும் காலும் குச்சியாகி, எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாமல் போனபோது கண்டுபிடித்தார்கள். கோதுமை, மைதா, ரவை எதுவும் ஒரு துகள்கூட உள்ளே போகக் கூடாது. போனால் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுவாள். டாக்டர், “வீட்டுல மாவு அதிகமாப் புழங்குமா?” என்று கேட்டார். சித்தப்பா பஸ் டிரைவர். பஸ்ஸை நிறுத்தினாலும் வாயை நிறுத்தத் தெரியாதவர். “டாக்டர், இவளை ஒரு தட்டுத் தட்டினா அரைக் கிலோ உதிரும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சித்தி தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளியல் அன்று மாலை தொடங்கியது.

வேலையை விட்டுவிடு என்று சொந்தத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

“எதுக்கு விடணும்? திருடவா போறேன்? குளிச்சிட்டு வர்றேன், அவ்வளவுதான்” என்றாள்.

முதலில் கடையில் விற்கிற கோதுமை இல்லாத மாவுப் பொட்டலங்களைத்தான் வாங்கினாள். சுவரில் அடிக்கிற சுண்ணாம்பு போல இருந்தது. அதையும் சுண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். அப்படியிருந்தும் ஒரு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். பொட்டலத்தின் மடிப்புக்குள், எறும்பு வாசிக்கிற அளவு சின்ன எழுத்தில், கோதுமை அரைக்கிற அதே ஆலையில்தான் இதுவும் அரைக்கப்படுகிறது என்று அச்சிட்டிருந்தார்கள். சித்தி அதை இரண்டு முறை படித்தாள். பொட்டலத்தைக் குப்பையில் போட்டாள். மறுநாள் ஒரு புது மிக்ஸி ஜாரும் ஒரு புதுச் சல்லடையும் வாங்கி வந்து, இரண்டிலும் சிவப்பு நூலைக் கட்டினாள். “இதை யார் தொட்டாலும் கை இருக்காது.” சொன்னது சித்தப்பாவைப் பார்த்து.

அதன் பிறகு அந்த வீட்டில் மாவு விளைய ஆரம்பித்தது. பச்சரிசியைக் கழுவி ஊறவைத்து வடித்து, கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து மின்விசிறிக்குக் கீழே ஆறவிடுவாள். ஈரம் கையில் ஒட்டாமல், ஆனால் அரிசி விரலுக்குள் நொறுங்குகிற பதத்தில் அரைக்க வேண்டும். “கட்டில்ல அரிசி படுத்திருக்கு. நாங்க தரையில. நல்ல குடும்பம்” என்று சித்தப்பா பஸ் நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாழைக்காயைச் சீவி, கறுத்துப் போகாமல் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் முக்கியெடுத்து, பால்கனியில் வலைக்குக் கீழே காயவைப்பாள். சோளம் வாங்கி வந்தால் தட்டில் பரப்பி ஒவ்வொரு மணியாக அம்மாவும் மகளும் பொறுக்குவார்கள். மூட்டையில் எங்காவது ஒரு கோதுமை மணி சேர்ந்திருக்கலாம். ஒரு தடவை உண்மையிலேயே ஒன்று அகப்பட்டது. சுண்டு அதை இடுக்கியால் பிடித்துத் தூக்கி, “மாட்டிக்கிட்டியா!” என்றாள்.

அவர்கள் குடியிருப்பில் பதினாலு வீடு. ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தைக் காலி செய்து, மேசை போட்டு, கூடிப் பேசிச் சாப்பிட்டுக் கலைவார்கள். நடுவில் ஒரு பெரிய பழக் கேக். சித்தியின் பேக்கரியிலிருந்துதான் வரும். அந்த மாதம் முழுக்க அங்கே வேறு வேலையே ஓடாது. உலர்பழம் ஊறுகிற வாசனை தெருமுனைவரை வரும். கேக்கை வெட்டும்போது சுண்டுவுக்கு மட்டும் தனித்தட்டில் ஆப்பிள் துண்டுகள். எல்லோரும் நல்லவர்கள்தான். “பாப்பா, உன்னுது அது” என்று பத்துக் கைகள் ஒரே நேரத்தில் அந்தத் தட்டைக் காட்டும். அந்த நேரத்தில் சுண்டுவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். நான் மேல் மாடியில் இருப்பவன், சித்தியின் அக்கா மகன். அந்தக் கூட்டத்தில் சுவரோடு சுவராக நிற்கிற இன்னொரு ஆள் என்பதால் கண்ணில் பட்டது. தன் பெயரை யாரோ உரக்கத் தப்பாகக் கூப்பிட்டதுபோல இருக்கும் அவள் முகம்.

போன ஆண்டு அந்த மாதம் பிறந்ததும் சுண்டு சொல்லிவிட்டாள்.

“நான் கீழ வரல.”

“ஏன்?”

“வரல. அவ்வளவுதான்.”

“ஆப்பிள் பிடிக்கலையா? வேற ஏதாவது...”

“ஆப்பிள் பிடிக்கும்மா. தட்டுதான் பிடிக்கல.”

சித்தி சோளம் பொறுக்குவதை நிறுத்தினாள். “சரி. இந்த வருஷம் தனித்தட்டு கிடையாது. எல்லாரும் ஒரே தட்டுல எடுப்பாங்க. நீயும் எடுப்ப” என்றாள். சொன்னது சாதாரணக் குரலில்தான். ஆனால் சித்தி சாதாரணக் குரலில் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

குடியிருப்புச் செயலர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேக்கரிக் கேக் வேண்டாம், நானே வீட்டில் செய்கிறேன், மைதா இல்லாமல் என்று சித்தி சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மைதா இல்லாம கேக்கா? அப்போ அது என்னம்மா, வெறும் நினைப்பா?”

“சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்.”

“முப்பத்தாறு பேரும்மா. நான் பதில் சொல்லணும்.”

“நான் சொல்றேன் பதில்.”

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, ஓவனுக்கு முன்னால் பதினேழு வருடம் நின்ற கை, வீட்டு மேசை ஓவனுக்கு முன்னால் திண்டாடியது. மைதாவில் ஓர் இழுவை உண்டு. அதுதான் கேக்கைப் பிடித்து நிற்க வைக்கும். இந்த மாவுகளில் அது கிடையாது. கிள்ளி இழுத்தால் உதிர்ந்துபோகும். அவள் விரலுக்குத் தெரிந்த எதுவும் இங்கே உதவவில்லை. முதல் கேக் கத்தி பட்டதும் மணலாகக் கொட்டியது. இரண்டாவதைச் சித்தப்பா கையில் எடுத்து எடை பார்த்து, “இதை வண்டிச் சக்கரத்துக்கு முட்டு குடுக்கலாம், மேட்டுல கூட நகராது” என்றார். மூன்றாவது நடுவில் குழிந்து குளமானது. சுண்டு மூன்றையும் தின்றாள். மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாள்: இரண்டு, இரண்டு, மூன்றரை.

ஆளிவிதையை அரைத்து வெந்நீரில் ஊறப்போட்டால் கொழகொழவென்று ஒரு பிடிப்பு வரும் என்று ஐந்தாவது கேக்கில் தெரிந்தது. கரைத்த மாவை உடனே ஓவனில் வைக்காமல் அரை மணி நேரம் மூடி வைத்தால் அரிசி ஊறிக்கொண்டு பல்லில் நறநறக்காது என்பது ஏழாவதில். எட்டாவது கேக்குக்குச் சுண்டு ஒன்பது போட்டாள். அடியும் ஓரமும் புதுத் தகரத்தில் ஒட்டிக் கருகிப்போனதால் ஒரு மார்க் போயிற்று.

“மாவு தப்பில்ல. டின் தப்பு. புது டின், பழகல” என்றாள் சித்தி.

பேக்கரியில் அவளுக்கென்று ஒரு டின் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வாரம் கொடுத்தது. தகரத்தை மடித்து அடித்துச் செய்த பெரிய செவ்வக டின்; பதினேழு வருட எண்ணெயும் சூடும் ஏறி, உள்ளே கண்ணாடி போலக் கறுத்து மின்னும். அதில் எதுவும் ஒட்டாது. அடியில் பேப்பர்கூடப் போட மாட்டாள். பேப்பர் போடுவது டின்னை நம்பாதவர்கள் வேலை என்பாள். கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள் முதலாளியிடம் போய் நின்றாள்.

“நாளைக்கு லீவு. டின்னை எடுத்துட்டுப் போறேன்.”

“சீசன்ல லீவா? நீங்களா?” என்று முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பிறகு, “டின்னுக்கு எதுக்கு என்னைக் கேக்கறீங்க? நீங்க இல்லாம நாங்க வச்சா அதுல தண்ணி கூட கொதிக்காது” என்றார்.

வீட்டு வாசலிலேயே டின்னில் சூடான உப்பைக் கொட்டி மூன்று முறை தேய்த்தாள். எண்ணெய்த் துணியால் துடைத்தாள்.

“சோப்புப் போட வேணாமா?” என்று கேட்டார் சித்தப்பா.

“டின்னுக்கு சோப்பா? உங்க இன்ஜினைத் திறந்து உள்ள தண்ணி ஊத்திக் கழுவுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்போ பேசாம இருங்க.”

ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கேக் வெளியே வந்தது. நாற்காலிகளைக் கீழே இறக்குவதற்காக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். படியிலேயே வாசனை பிடித்துக்கொண்டது. பழுப்பும் சிவப்புமாக, மேலே ஒரு கீறல் இல்லாமல், பக்கங்கள் நேராக நிற்கிற கேக். சித்தி டின்னைக் கவிழ்த்து ஒரே தட்டுத் தட்டினாள். முழுதாக வந்து உட்கார்ந்தது. சித்தப்பாகூடக் கைதட்டினார். சுண்டு தாளில் பத்து என்று எழுதி, அதற்கு ஒரு வட்டமும் போட்டாள்.

சித்தி மட்டும் குனிந்து கேக்கின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மூலைகளிலும் மேலிருந்து கீழாக, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. டின்னைத் திருப்பி, தகரம் மடிந்திருக்கும் மூலையில் ஊசியை விட்டுக் கீறினாள். பழுப்பாக ஏதோ பொடி உதிர்ந்தது. உள்ளங்கையில் ஏந்தி விரலால் நசுக்கினாள். அது என்னவென்று அந்த அறையில் அவளுக்குத்தான் முதலில் தெரியும். பதினேழு வருடமாக ஒவ்வொரு கேக்கும் அந்த மடிப்புக்குள் விட்டுவிட்டுப் போன மைதா.

அந்தக் கோடு எத்தனை பேர் கண்ணுக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. எனக்கே அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் கோடு தெரிந்தது.

“அம்மா, எப்போ கீழ கொண்டு போறோம்?”

“இது போகாது.” சித்தி நிமிர்ந்தாள். “இதை நீ தொடக் கூடாது. டின்னுல பழைய மாவு இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவியிருக்கணும். நான் கழுவல. தப்பு என்னுது.”

சித்தப்பா வாயைத் திறந்தார். திறந்தது அப்படியே மூடிக்கொண்டது. சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் இருந்தும் அவர் சொல்லாமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சுண்டு அழவில்லை. “அப்போ ஆப்பிளா?” என்று மட்டும் கேட்டாள்.

“மணி என்ன?”

“ஒண்ணரை.”

“அஞ்சு மணிக்குத்தானே? டைம் இருக்கு.”

அலமாரியிலிருந்து டப்பாக்களை இறக்கினாள். அரிசி மாவு முக்கால் கிலோ இருக்கும். சோள மாவு இரண்டு கை. வாழைக்காய் மாவு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாவோடு அரைத்துச் சேர்க்கும் முந்திரி தீர்ந்திருந்தது. முப்பத்தாறு பேருக்கு வராது. வந்தாலும், ஊற்ற டின் கிடையாது. சித்தி அடுக்களையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர் குடிக்கிற ஸ்டீல் டம்ளரை எடுத்தாள். உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“இதுக்கு மூலையே இல்ல. ஒளிஞ்சுக்க எடமில்ல” என்றாள். “நம்மகிட்ட எத்தனை இருக்கு?”

“ஒம்பது” என்றாள் சுண்டு.

“ஏங்க, எழுந்திருங்க. வீடு வீடாப் போய் ஸ்டீல் டம்ளர் வாங்கிட்டு வாங்க. இன்னும் இருபத்தேழு.”

“என்ன சொல்லிக் கேக்கறது?”

“வாய்க்கு உங்களுக்கா பஞ்சம்?”

சித்தப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். “டம்ளர் குடுங்க, ஏன்னு கேக்காதீங்க. கேட்டா எனக்கே தெரியாது” என்று அவர் குரல் மாடி மாடியாக ஏறி இறங்குவது கேட்டது. திரும்பி வந்தபோது கூடையில் குட்டையும் நெட்டையும், வாய் அகன்றதும் இடுப்பு சிறுத்ததுமாக டம்ளர்கள். கையில் ஒரு காகிதப் பையும் இருந்தது.

“செயலர் குடுத்தாரு. ‘எதுக்கும் இருக்கட்டும், பாப்பாவுக்குத் தனியா’ன்னு ஆப்பிள் வாங்கி வச்சிருக்காரு. ஆறு.”

சித்தி பையைப் பிரித்துப் பார்த்தாள். முதல் முறையாகச் சிரித்தாள். “மாவு பத்தலைன்னு பாத்தேன். கரெக்டா வந்து சேந்துது” என்றாள்.

ஆப்பிளைத் தோல் சீவி வேகவைத்து மசித்தாள். முந்திரி நின்றிருக்க வேண்டிய இடத்தில் அது போய் நின்றது. புது நார், புதுச் சோப்பு, கொதிக்கிற தண்ணீர் என்று டம்ளர்களை இரண்டு தடவை கழுவினார்கள். ஓவன் கம்பிகளும் அப்படியே. நடுவில் சித்தி மறுபடியும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். “காது?” என்று சுண்டு கத்தினாள். “காதும்!” பெரிய கேக்கைச் சித்தப்பா வாசலுக்கு வெளியே படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “இதை வீணாக்கக் கூடாது. நான் இங்கயே சாப்பிட்டுட்டு, குளிச்சிட்டு உள்ள வர்றேன்.” என்னையும் உட்கார வைத்தார். நான் அதுவரை அப்படி ஒரு கேக்கைத் தின்றதில்லை. அதைச் சித்தியிடம் சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

கரைத்த மாவை அரை மணி நேரம் மூடி வைத்தாள். அவசரத்திலும் அந்த அரை மணியைக் குறைக்கவில்லை. பிறகு டம்ளருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஓவனுக்குள் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு, மூன்று தடவை. முதல் பன்னிரண்டை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டாள். எட்டாவது நிமிடம், “எந்திரிக்குது” என்றாள். டம்ளர் வாய்க்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலையை நீட்டிப் பார்ப்பதுபோல எழுந்தன.

ஐந்து மணிக்கு எல்லோரும் கீழே கூடிவிட்டார்கள். ஐந்தேகாலுக்குச் செயலர் இரண்டு தடவை படியைப் பார்த்தார். ஐந்தரைக்குச் சித்தி இறங்கி வந்தாள். கையில் ஒரு பெரிய வட்டத் தட்டு. அதில் நெருக்கியடித்துக்கொண்டு முப்பத்தாறு டம்ளர்கள். பின்னால் சித்தப்பா ஸ்பூன் கட்டோடு.

“அது எங்க டம்ளர்!” என்று யாரோ கூவினார்கள்.

“அந்த நெட்டை எங்களோடது!”

“கேக் எங்கம்மா?” என்றார் செயலர்.

“உள்ள இருக்கு சார்.”

தட்டை மேசை நடுவில் வைத்தாள். தனித்தட்டு எங்கே என்று பழக்கத்தில் சிலர் தேடினார்கள். சுண்டுவைக் காட்டப் பாதி எழுந்த ஒரு கை, எதைக் காட்டுவது என்று தெரியாமல் இறங்கிவிட்டது.  சித்தி சுண்டுவைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

சுண்டு மேசைக்கு வந்தாள். முப்பத்தாறையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கையை நீட்டித் தட்டின் மேல் ஒரு வட்டம் சுற்றினாள், எங்கேயோ நிறுத்தினாள், கைக்கு வந்ததை எடுத்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். யாரோ வீட்டுக் குட்டை டம்ளர். ஒரு பக்கம் நசுங்கியது.

“இது என்னுது” என்றாள்.

சித்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஓவன் சூட்டில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவள், வியர்த்திருக்கும். ஆனால் பேக்கரியில் அதைவிடக் கடும் சூட்டில் நிற்கும்போதுகூட அவள் முகத்தைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

பிறகு எல்லோரும் ஸ்பூனை எடுத்தார்கள். ஸ்பூன் டம்ளரில் தட்டுகிற சத்தம் மட்டும் முப்பத்தாறு இடத்திலிருந்து கேட்டது. செயலர் அடிவரை சுரண்டிவிட்டு டம்ளரைக் கவிழ்த்தும் பார்த்தார்.

“மேடம், நினைப்பு நல்லா வெந்திருக்கு. இன்னொண்ணு கிடைக்குமா?”

“ஆளுக்கு ஒண்ணுதான் சார். கணக்கு வாத்தியார் நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?”

“ஆப்பிள் வாசனை வருதே?”

“நீங்க குடுத்ததுதான்.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதிக நேரம் துடைத்தார்.

அடுத்த வாரம் பேக்கரி முதலாளிக்கும் சேதி எட்டியது. இங்கேயும் போடலாம் மாஸ்டரக்கா, கோதுமை இல்லாத டம்ளர் கேக் என்று போர்டு வைத்தால் பிய்த்துக்கொண்டு போகும் என்றார். சித்தி தலைக்கு மேலே வெள்ளையாகத் தொங்கிய சிலந்தி வலையைக் காட்டினாள்.

“இங்க காத்துலயே மைதா இருக்கு முதலாளி. போர்டு எழுதலாம். பொய்யா இருக்கும். என் கை இங்க ஒண்ணு செய்யும், வீட்டுல ஒண்ணு செய்யும். ரெண்டும் நல்லாவே செய்யும். கலக்க மாட்டேன்.”

டின் இப்போது பேக்கரியில் பழைய இடத்தில் இருக்கிறது. அதற்கு அவள் இன்னும் சோப்புப் போடவில்லை. அங்கே அதுதான் முறை.

டம்ளர்களைத் திருப்பிக் கொடுக்க மறுநாளே சித்தப்பா கூடையோடு வீடு வீடாக ஏறினார். போன வேகத்தில் கூடை நிறைய டம்ளரோடு திரும்பி வந்தார்.

“என்னங்க, வீட்டுல யாரும் இல்லையா?”

“எல்லாரும் இருக்காங்க. ஒருத்தரும் வாங்கிக்க மாட்டேங்கறாங்க. அடுத்த வருஷம் வேணும்ல, நீங்களே வச்சுக்குங்கன்னு கதவைச் சாத்தறாங்க.”

சித்தி அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்தாள். ஒன்றுக்கொன்று பொருந்தாத அந்த முப்பத்தாறையும் சுண்டு கவிழ்த்து வரிசையாக அடுக்கினாள். நசுங்கிய குட்டை டம்ளரை எங்கே வைத்தாள் என்று பார்த்தேன். தனியாக வைக்கவில்லை. வரிசையின் நடுவில், எது எது என்று தெரியாதபடி.